பூச்செடியைக் கெடுப்பது எந்தப் பூச்சி? டர்பன் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயில் வளாகத்தைச் சுற்றிச் செம்பருத்தி, அரளி, நந்தியாவட்டை, இட்லிப்பூ, கார்டினியா, ரோஜா எல்லாம் வைத்திருக்கிறோம். சனிக்கிழமை காலையில் தோட்ட வேலைக்குப் புதிதாக யாராவது வருவார்கள். வந்தவர்கள் இலையில் ஓட்டையைப் பார்த்ததும் கேட்பது, "அண்ணா, இதுக்கு என்ன மருந்து அடிக்கணும்?"

எந்தப் பூச்சி என்று தெரியாதவரை அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. இலையைக் கடித்துத் தின்னும் புழுவுக்கு அடிக்கிற மருந்து, சாறு உறிஞ்சும் பூச்சியை அசைக்காமல் விட்டுவிடலாம். புள்ளி அளவே இருக்கும் செம்பேன் சிலந்தியின் உறவு, பூச்சி இனமே இல்லை என்பதால், பல பூச்சிமருந்துகள் அதன்மேல் வேலை செய்யாது. அதனால் இங்கே மருந்தை விட்டுவிட்டு, கண்டுபிடிக்கும் வழியை மட்டும் சொல்கிறேன்.

முதலில் செடி, அடுத்து சேதம், அப்புறம்தான் பூச்சி. புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். செடியில் முதலில் கண்ணில் படுகிற பூச்சியைப் பிடித்து, இதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பகலில் நம் கண்ணில் படுவது பல நேரம் வழிப்போக்கன்தான், சில நேரம் நமக்கு உதவ வந்தவன்.

தொடங்குமுன் தேவையானவை

10 மடங்கு பெரிதாக்கும் ஒரு கைலென்ஸ். இதை எட்டப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. லென்ஸைக் கண்ணுக்கு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு, தெளிவு வரும்வரை இலையை லென்ஸை நோக்கிக் கொண்டு வாருங்கள். புதிதாக வருபவர்களுக்கு இதைப் பழக்கவே பத்து நிமிடம் ஒதுக்குகிறேன்.

ஒரு வெள்ளைத் தாள், டார்ச், மூடி இறுக்கமான சின்ன பாட்டில்கள் நாலைந்து, கொஞ்சம் மெத்திலேட்டட் ஸ்பிரிட், ஒரு மெல்லிய பெயிண்ட் பிரஷ். எழுதுவதற்குப் பென்சில்தான் வேண்டும். பேனா மை ஸ்பிரிட் பட்டால் கரைந்து ஓடிவிடும்.

கை உறையும் அவசியம். அரளிப் பால் விஷம். கீழே சொல்லப்போகும் ஒரு வண்டு தோலில் கொப்புளம் கிளப்பும்.

நேரம் காலை 7 மணி வாக்கில், தண்ணீர் ஊற்றுவதற்கு முன். குழாயைத் திறந்துவிட்டால் பூச்சிகள் விட்ட தேன் கசிவு கழுவிப் போகும், புழுக்கள் போட்ட புழுக்கை உதிர்ந்துவிடும், இலைக்கடியில் இருந்த பூச்சிகளும் போய்விடும். நாம் தேடுகிற தடயம் எல்லாமே அவைதான்.

1. செடியின் பெயரை உறுதி செய்யுங்கள்

பூச்சிகள் எதையும் தின்னும் என்று நினைக்காதீர்கள். பலவும் ஒரு குடும்பத்துச் செடிகளையே நாடும். செடியின் குடும்பம் தெரிந்தால் சந்தேகப் பட்டியல் பாதியாகிவிடும்.

செம்பருத்தி, பருத்தி, வெண்டை மூன்றும் ஒரே குடும்பம். அதனால் சாறு உறிஞ்சும் பருத்தி அசுவினியும் மாவுப்பூச்சியும் செம்பருத்திக்கு வரும். அரளி, நந்தியாவட்டை, இங்கே வேலிக்கு வைக்கிற முள்ளுள்ள அமத்துங்குலு மூன்றும் ஒரு குடும்பம். கார்டினியா, இட்லிப்பூ இரண்டும் காப்பிச் செடியின் உறவு.

பெயர் தெரியவில்லையென்றால் பூவோடும் இலையோடும் ஒரு கொம்பை நர்சரியில் காட்டுங்கள். இலையை மட்டும் கொண்டுபோனால் அவர்களுக்கும் குழப்பம் வரும்.

2. ஐந்தடி தள்ளி நின்று முழுச் செடியையும் பாருங்கள்

நேராக இலைக்குள் மூக்கை நுழைத்துவிடாதீர்கள். செடியில் எந்தப் பக்கம் கெட்டிருக்கிறது, துளிரா முற்றிய இலையா, ஒரு செடியா வரிசை முழுவதுமா என்பது தள்ளி நின்றால்தான் தெரியும்.

குளிர்காலத்திலும் வசந்தத் தொடக்கத்திலும் உள்நாட்டிலிருந்து பெர்க் காற்று அடிக்கும். அனல் மாதிரி உலர்ந்த காற்று. அது வீசிய இரண்டொரு நாளில் அசேலியா, கார்டினியா இலைகளின் ஓரம் பழுப்பாகக் காய்ந்துவிடும். மெர்பேங்க், இசிபிங்கோ போலக் கடலை ஒட்டிய இடங்களில் உப்புக் காற்றும் இதையே செய்யும். கடல் பார்த்த பக்கம் மட்டும் கருகியிருந்தால் அங்கே பூச்சி தேட வேண்டாம். லெனேசியா போன்ற உள்நாட்டு ஊர்களில் உறைபனி விழும் இரவுகளுக்குப் பிறகு துளிர்கள் கறுத்துத் தொங்கும். அதுவும் பூச்சி வேலை இல்லை.

காற்று, வெயில், பனி செய்த சேதம் ஒரே நாளில் எல்லா இலைகளிலும் ஒரே மாதிரி வந்திருக்கும். பூச்சி செய்த சேதம் திட்டுத் திட்டாகத் தொடங்கிப் பரவும். இந்த ஒரு வித்தியாசத்தைப் பார்க்காமல் மருந்து வாங்கப் போனவர்கள் பலர்.

3. கடித்ததா, உறிஞ்சியதா?

சேதமான நாலைந்து இலைகளைப் பறித்துத் தாளின்மேல் பரப்புங்கள். இலையில் சதை காணாமல் போயிருந்தால் கடிக்கும் வாய். சதை இருக்கிறது, ஆனால் நிறம் மாறி, புள்ளி விழுந்து, சுருண்டு, பிசுபிசுத்துக் கிடந்தால் உறிஞ்சும் வாய். இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

கடித்தது என்றால் எப்படிக் கடித்தது என்று பாருங்கள். ஓரத்திலிருந்து உள்ளே பெரிது பெரிதாகத் தின்றிருந்தால் புழுவோ வெட்டுக்கிளியோ. நரம்புகளுக்கு நடுவே துளைத்துத் துளைத்துச் சல்லடை ஆக்கியிருந்தால் பெரும்பாலும் வண்டு. நரம்பை விட்டுவிட்டு மேல்தோலை மட்டும் சுரண்டியிருந்தால் சின்னப் புழு.

ரோஜா இலை ஓரத்தில் நகவெட்டியால் வெட்டினது போல அரைவட்டம் அரைவட்டமாக, விளிம்பு பிசிறே இல்லாமல் இருந்தால் அது இலைவெட்டித் தேனீ. அது இலையைத் தின்பதில்லை. வெட்டின துண்டைக் கொண்டுபோய்க் கூட்டுக்குள் மெத்தை மாதிரி சுருட்டி வைத்து, அதில் முட்டையிடும். செடிக்கு ஒன்றும் ஆகாது. பூக்களுக்கு மகரந்தம் சேர்ப்பதும் அதுதான். அதை விட்டுவிடுங்கள்.

உறிஞ்சியது என்றால் எந்த மாதிரிப் புள்ளி என்பது முக்கியம். மணலைத் தூவினது போல மேல்பக்கம் முழுக்க வெளிர்ப் புள்ளி என்றால் செம்பேனோ கண்ணாடி இறக்கை நாவாய்ப்பூச்சியோ. வெள்ளி பூசினது போலப் பளபளப்பு, நடுவே கருப்புப் பொட்டு என்றால் இலைப்பேன். துளிர் முறுக்கிக்கொண்டு சுருண்டிருந்தால் அசுவினி அல்லது மாவுப்பூச்சி.

4. இலையைத் திருப்புங்கள்

மேல்பக்கம் தெரிவது சேதம்தான். அதைச் செய்தவன் கீழ்ப்பக்கம் இருப்பான். வெயிலும் மழையும் படாத இடம் அவனுக்கு அதுதான்.

செடியின் அடியிலிருந்து மேலே போங்கள். அடியில் இருப்பவை பழைய இலைகள், நுனியில் இருப்பவை புதியவை. பழைய இலையில் சேதம் இருக்கிறது, புதிதில் இல்லை என்றால் பூச்சி வந்துபோய்விட்டது என்று அர்த்தம். நுனியிலிருந்து தொடங்கினால் இந்தக் கதை பிடிபடாது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் வீட்டுக்கு வீடு அசேலியா உண்டு. அதன் இலை மேலே வெளுத்துப்போய், கீழே கருப்பு வார்னிஷ் சொட்டுப் போட்டதுபோல் பளபளவென்று புள்ளிகள் இருந்தால் கண்ணாடி இறக்கை நாவாய்ப்பூச்சி. அந்தப் புள்ளிகள் அதன் எச்சம். பூச்சியே இல்லாவிட்டாலும் அந்தக் கருப்பு அடையாளம் போதும். செம்பேனும் மேல்பக்கத்தை இதே மாதிரி வெளுக்கச் செய்யும். ஆனால் கீழே வார்னிஷ் புள்ளி இருக்காது, மெல்லிய நூலாம்படை இருக்கும்.

கிளையைத் தட்டியதும் வெள்ளையாகப் புகை மாதிரிக் கிளம்பி, மறுபடி வந்து அதே இலைக்கடியில் உட்கார்ந்தால் வெள்ளை ஈ. அசுவினி பறக்காமல் கூட்டமாக அப்படியே இருக்கும். லென்ஸில் பார்த்தால் அதன் பின்பக்கம் புகைபோக்கி மாதிரி இரண்டு சின்னக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அசுவினிக் கூட்டத்தின் பக்கத்தில் வெள்ளை வெள்ளையாகக் கிடப்பது அது உரித்த சட்டை. அதை வெள்ளை ஈ என்று எண்ணி ஏமாறுபவர்கள் அதிகம்.

அரளித் துளிரில் மஞ்சள் உடம்பும் கருப்புக் காலுமாக மொய்ப்பது அரளி அசுவினி. லென்ஸ்கூட வேண்டாம், பார்த்தவுடனே தெரியும்.

5. வெள்ளைத் தாளில் தட்டுங்கள்

கண்ணுக்குப் பிடிபடாதவற்றுக்கு இதுதான் வழி. தாளை ஒரு கிளைக்கடியில் பிடித்துக்கொண்டு, கிளையை மூன்று தடவை பட்டென்று தட்டுங்கள். தாளைச் சாய்த்தால் தூசியும் சருகும் உருண்டு கீழே போகும். பிடித்துக்கொண்டு நிற்பவை உயிருள்ளவை.

நீளமாக, துணுக்கு நூல் மாதிரி 1 முதல் 2 மில்லிமீட்டர், சுறுசுறுப்பாக ஊர்ந்தால் இலைப்பேன். புள்ளி மாதிரி உருண்டையாக மெதுவாக நகர்ந்தால் செம்பேன். லென்ஸில் கால்களை எண்ணிப் பாருங்கள். முதிர்ந்த செம்பேனுக்கு எட்டு, பூச்சிக்கு ஆறு. மருந்துக் கடையில் போய்க் கேட்கும்போது இந்த எண்ணிக்கைதான் உங்கள் பணத்தைக் காப்பாற்றும்.

செம்பருத்தி மொட்டு மலராமலே உதிர்கிறது என்றால் தட்டிப் பார்த்தால் போதாது. உதிர்ந்த மொட்டை நகத்தால் பிளந்து இதழ்களை ஒவ்வொன்றாக விரியுங்கள். மொட்டின் பக்கவாட்டில் ஓட்டையும் உள்ளே ஈரப் புழுக்கையும் இருந்தால் காய்ப்புழு. இதழ் ஓரம் பழுப்பேறி உள்ளே மெல்லிசாக ஏதாவது ஓடினால் இலைப்பேன். பத்து மொட்டு பிளந்தும் ஒன்றும் இல்லையென்றால் தண்ணீரையும் வெயிலையும் யோசியுங்கள். ஒரே ஒரு மொட்டைப் பிளந்துவிட்டு முடிவு சொல்லாதீர்கள்.

6. எறும்பின் பின்னால் போங்கள்

செடியில் எறும்பு ஏறி இறங்கினால் செடியை எறும்பு தின்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அசுவினி, மாவுப்பூச்சி, மேலோடு மெத்தென்ற செதில் பூச்சி, வெள்ளை ஈ எல்லாம் சாற்றை உறிஞ்சி, மிஞ்சின சர்க்கரையைத் தேன் கசிவாக வெளியேற்றும். எறும்பு அதைக் குடிக்க வருகிறது. வருவதோடு நிற்காமல், பொறிவண்டு போன்ற எதிரிகளையும் விரட்டிவிடும். அதனால் எறும்பு எங்கே போய் நிற்கிறதோ அங்கே பூச்சி இருக்கிறது. ஐந்து நிமிடம் நின்று ஒரு எறும்பை மட்டும் கண்ணால் தொடருங்கள், அது கொண்டுபோய்ச் சேர்க்கும்.

தேன் கசிவு விழுந்த இலையில் கரும்பூஞ்சை படரும். அடுப்புக்கரி பூசினது போல இருக்கும். ஈரத் துணியால் துடைத்தால் கையோடு வந்துவிடும். வராவிட்டால் அது வேறு நோய்.

இங்கேதான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். கருத்துப்போன இலையைத் திருப்பிப் பார்க்கிறார்கள், பூச்சி ஒன்றும் இருக்காது. பிறகு "பூஞ்சைதான்" என்று பூஞ்சைமருந்து வாங்கப் போகிறார்கள். தேன் மேலிருந்து சொட்டுகிறது. கருத்த இலைக்கு மேலே இருக்கிற கிளையைப் பாருங்கள். எங்கள் கோயிலில் இட்லிப்பூ வரிசை முழுவதும் கருத்தபோது, இட்லிப்பூவில் தேடித் தேடி ஒரு செதில் பூச்சிகூடக் கிடைக்கவில்லை. அண்ணாந்து பார்த்தால் மேலே கவிந்திருந்த மாமரத்தின் இலைக்கடியெல்லாம் செதில் பூச்சி.

செதில் பூச்சியில் இரண்டு வகை உண்டு. நகத்தால் நெம்பிப் பாருங்கள். ஓடு மட்டும் கழன்று வந்து, உடம்பு செடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் கடின ஓட்டு வகை. அதற்குத் தேன் கசிவு கிடையாது, எறும்பும் வராது. ரோஜாத் தண்டில் சுண்ணாம்பு தெளித்தது போல வெள்ளையாகப் படிந்திருப்பது இந்த வகை. ஓடும் உடம்பும் சேர்ந்தே வந்தால் மெத்தென்ற வகை. அடியில் ஈரம் இருந்தால் உயிரோடு இருக்கிறது. பொடியாக உதிர்ந்தால் எப்போதோ செத்துவிட்டது. செத்த செதில் பல மாதம் செடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து மறுபடி மறுபடி மருந்தடிப்பது வீண்.

7. வெள்ளையாக இருப்பதெல்லாம் மாவுப்பூச்சி இல்லை

இந்தப் படியில் நிதானமாக இருங்கள். நான் பார்த்த தவறுகளில் செடிக்கு அதிகக் கெடுதல் செய்தது இங்கே நடக்கும் தவறுதான்.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி கண்ட ஒரு தம்பி, தினமும் வந்து சோப்புத் தண்ணீரில் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். "அண்ணா, இங்க வந்து பாருங்க, மாவுப்பூச்சி ஓடுது!" மாவுப்பூச்சி ஓடாது. போய்ப் பார்த்தால் கிளையில் அரை அங்குலத்துக்கு நீளமான வெள்ளை மெழுகுத் திரிகளைச் சுமந்துகொண்டு ஒன்று விறுவிறுவென்று போகிறது. மாவுப்பூச்சியைத் தின்னும் ஒரு பொறிவண்டின் குஞ்சுப் புழு அது. அதற்குமுன் எத்தனை குஞ்சுகளைத் தேய்த்துக் கொன்றிருப்பார் என்று அவருக்கே கணக்கில்லை. முகம் வாடிப்போனது. யாரும் சொல்லித் தராததை அவர் எப்படி அறிவார்? அன்றிலிருந்து புதியவர்களுக்கு இதைத்தான் முதல் நாளே காட்டுகிறேன்.

பிரஷ் நுனியால் மெல்லத் தொடுங்கள். மாவுப்பூச்சி நகராது, அல்லது சோம்பலாக நகரும். பொறிவண்டின் குஞ்சு உடனே ஓடும். அளவும் பெரிது, திரிகள் நீளமாகக் கலைந்து கிடக்கும். மாவுப்பூச்சியின் ஓரத் திரிகள் குட்டையாக, வரிசையாக இருக்கும்.

உடம்பு செம்பழுப்பாகவும், பின்னால் கோடுபோட்ட வெள்ளைப் பஞ்சு மெத்தை ஒன்றைச் சுமந்துகொண்டும் தண்டில் ஒட்டியிருந்தால் அது ஆஸ்திரேலியப் பூச்சி என்று இங்கே சொல்வது. மாவுப்பூச்சியைவிடப் பெரிது. அந்தப் பஞ்சுக்குள் நூற்றுக்கணக்கில் முட்டை இருக்கும். அதன் பக்கத்தில் சிவப்பும் கருப்புமாகக் குட்டிப் பொறிவண்டு தெரிந்தால் கை வைக்காதீர்கள், அதுவே முடித்துவிடும்.

இலைக்கடியில் முடி மாதிரி மெல்லிய காம்பு, நுனியில் வெள்ளை மணி. அப்படி இருந்தால் கண்ணாடி இறக்கைப்பூச்சியின் முட்டை. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும் முன்னே சொன்ன நாவாய்ப்பூச்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது அசுவினி தின்னி. அசுவினிக் கூட்டத்தில் சில மட்டும் உப்பி, பழுப்பு நிறத்தில் காகிதம்போல் இருந்தால் உள்ளே குளவிக் குஞ்சு வளர்கிறது. முதுகில் வட்டமான ஓட்டை தெரிந்தால் குளவி வெளியே போய்விட்டது. இவை இருக்கிற செடியில் வேலை ஏற்கெனவே தொடங்கிவிட்டது.

8. இரவில் டார்ச்சோடு போங்கள்

பகலில் எவ்வளவு தேடியும் பூச்சி கிடைக்கவில்லை, ஆனால் தினமும் இலை குறைகிறது என்றால் இரவு 8 மணிக்குமேல் போங்கள். முதல் மழைகள் விழுந்தபிறகு, அக்டோபரிலிருந்து, ரோஜா இலையைச் சல்லடையாக்கும் சின்னப் பழுப்பு வண்டுகள் இரவில்தான் வேலை பார்க்கும். பகலில் மண்ணுக்குள்ளும் சருகுக்கடியிலும் பதுங்கிவிடும்.

டார்ச்சைத் தூரத்திலிருந்தே செடிமேல் அடிக்காதீர்கள். வெளிச்சம் பட்டதும் பல வண்டுகள் பிடியைவிட்டுக் கீழே விழுந்துவிடும். செடிக்கடியில் முதலில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துவிட்டு, பக்கத்தில் போய் நின்றபின் டார்ச்சைப் போடுங்கள். விழுந்தாலும் துணியில் கிடைக்கும்.

பகலில் வருகிற வண்டுகள் பூவைத் தின்பவை. மஞ்சளும் பழுப்புமாக, ரீங்காரத்தோடு பறந்து வந்து ரோஜா நடுவில் தலையைப் புதைத்துக்கொள்வது பழவண்டு. கருப்பில் மஞ்சள் பட்டை போட்டு, மெதுவாகச் செம்பருத்தி இதழைத் தின்றுகொண்டிருப்பது இங்கே சி.எம்.ஆர். வண்டு என்று சொல்வது. இதை வெறுங்கையால் தொட்டு நசுக்க வேண்டாம். அதன் உடம்பு நீர் தோலில் கொப்புளம் கிளப்பும். பூப்பறிக்கக் குழந்தைகளை அனுப்புகிறீர்களா, இந்த வண்டைக் காட்டிச் சொல்லி அனுப்புங்கள்.

செம்பருத்தியில் சிவப்பும் கருப்புமாக ஜோடி ஜோடியாக ஒட்டிக்கொண்டு திரிகிற நாவாய்ப்பூச்சிகளைப் பார்த்துப் பயப்படுவார்கள். அவற்றுக்கு வேண்டியது விதை. இலை ஓட்டைக்கு அவை காரணமில்லை, அவற்றுக்குக் கடிக்கும் வாயே கிடையாது.

9. புழுக்கை எங்கே கிடக்கிறது?

பெரிய புழுக்களை நேரே கண்டுபிடிப்பது கஷ்டம். இலையின் பச்சையும் அதன் பச்சையும் ஒன்றாக இருக்கும். ஆனால் அது போடுகிற புழுக்கையை மறைக்க முடியாது. கீழ் இலைகளிலும் தரையிலும் மிளகு மாதிரி கருப்பு அல்லது கரும்பச்சை உருண்டைகள் கிடந்தால் அதற்கு நேர் மேலே பாருங்கள். ஈரமாக இருந்தால் இன்றைக்குப் போட்டது, ஆள் மேலேயே இருக்கிறான். காய்ந்து உதிர்ந்தால் ஒருவேளை போய்விட்டான்.

அரளியிலும் நந்தியாவட்டையிலும் விரல் தடிப்பில் பச்சைப் புழு, தலைக்குப் பின்னால் இரண்டு நீலக் கண் மாதிரி வட்டம். அது அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு. அமத்துங்குலு வேலியிலும் வரும். கார்டினியாவில் வால் நுனியில் கொம்போடு இருக்கும் புழு வேறொன்று. அது வளர்ந்தால் கண்ணாடி இறக்கையோடு பகலிலேயே பூக்களைச் சுற்றிப் பறக்கும் அந்துப்பூச்சி ஆகும்.

நீலப் பிளம்பேகோவில் மொட்டுகளில் சின்ன ஓட்டை விழுந்திருந்தால் ஒரு சின்ன நீல வண்ணத்துப்பூச்சியின் புழு காரணமாக இருக்கலாம். எலுமிச்சைத் துளிரில் பறவை எச்சம் போல் கிடந்து, தொட்டால் தலைக்குப் பின்னால் ஆரஞ்சுக் கொம்பை நீட்டி நாற்றமடிப்பதும் வண்ணத்துப்பூச்சியின் புழுதான். நான் இவற்றைக் கொல்வதில்லை, வேறு கிளைக்கு மாற்றுகிறேன். செடி பெரிதாக இருந்தால் நாலு இலை போனால் ஒன்றும் ஆகிவிடாது.

புழுவின் பெயர் தெரியவில்லையென்றால், அதே செடியின் இலையோடு ஒரு டப்பாவில் போட்டு, மூடியில் ஓட்டை போட்டு வளர்த்துப் பாருங்கள். தினமும் இலையை மாற்ற வேண்டும். பெரிதாகி வெளியே வருகிற அந்துப்பூச்சியோ வண்ணத்துப்பூச்சியோ தன் பெயரைத் தானே சொல்லிவிடும்.

10. தண்டையும் அடிமரத்தையும் பாருங்கள்

ஒரு கிளை மட்டும் வாடி, இலையில் எந்தக் குறையும் இல்லையென்றால் பிரச்சினை தண்டில். பட்டையில் ஓட்டை, மரத்தூள், பிசின், ஈரக்கறை இவற்றைத் தேடுங்கள்.

பேனா முனையால் குத்தினது போலச் சின்ன ஓட்டைகள் பல இருந்தால் கவனம். பலமரத் துளைப்பான் வண்டு 2017இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தேசியத் தாவரவியல் பூங்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. எள்ளு அளவுதான், 2 மில்லிமீட்டர். அது மரத்தைத் தின்பதில்லை. தன்னோடு கொண்டுவரும் பூஞ்சையை உள்ளே பயிர்செய்து அதைத் தின்னும். அந்தப் பூஞ்சைதான் மரத்தின் நீரோட்டத்தை அடைத்துக் கொல்கிறது. மேப்பிள், ஓக், பிளேன், அவகாடோ என்று பெரிய மரங்களைத்தான் அதிகம் தாக்கும். ஆனால் காலி மனைகளில் தானாக முளைக்கும் ஆமணக்கிலும் இனம் பெருக்கும். வேலி ஓரத்து ஆமணக்கையும் ஒரு தடவை பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் அந்தக் கிளையை வெட்டி பக்கி என்கிற சின்னச் சரக்கு வண்டியில் ஏற்றிக் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், விறகாக யாருக்கும் கொடுக்காதீர்கள். வண்டு ஊர் விட்டு ஊர் போவது பெரும்பாலும் அப்படித்தான். ஓட்டையின் பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடுத்து, பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் இயங்கும் வனவியல் மற்றும் வேளாண் உயிரித்தொழில்நுட்ப நிறுவனத்துக்கு அனுப்புங்கள். இந்த வண்டைப் பற்றி ஆராய்பவர்கள் அவர்கள்தான்.

11. மாதத்தோடு பொருத்திப் பாருங்கள்

இணையத்தில் கிடைக்கும் தமிழ்க் குறிப்புகள் பெரும்பாலும் தமிழ்நாட்டுக்கு எழுதியவை. ஆடிப் பட்டம் தேடி விதை என்பது அங்கே சரி. இங்கே ஆடி மாதம் குளிரும் வறட்சியும். அந்தக் காலண்டரை அப்படியே எடுத்தால் தப்பான பூச்சியைத் தேடுவீர்கள்.

இங்கே ஆவணி, புரட்டாசியில் துளிர் விடும்போது அசுவினி. மழைக்கு முன் வெயில் ஏறி மண் காய்ந்திருக்கும்போது செம்பேன். ஐப்பசி, கார்த்திகையில் இரவு வண்டு. தைப்பூசக் காவடிக்குப் பூ வேண்டியிருக்கும் நேரம் உச்சக் கோடை, ஈரமும் சூடும். அப்போது புழுவும் மாவுப்பூச்சியும் சேர்ந்து வரும். சித்திரைக் காவடி வரும்போது வெயில் தணிந்திருக்கும், ஆனால் கோடையில் பெருகிய செதில் பூச்சியும் கரும்பூஞ்சையும் அப்போதுதான் நன்றாகக் கண்ணில் படும்.

12. மாதிரி எடுத்து எழுதி வையுங்கள்

அசுவினி, இலைப்பேன், மாவுப்பூச்சி போன்ற மென்மையானவற்றைப் பிரஷை ஸ்பிரிட்டில் நனைத்துத் தொட்டு எடுத்து பாட்டிலில் போடுங்கள். விரலால் எடுத்தால் நசுங்கிப்போகும், பிறகு யாராலும் பெயர் சொல்ல முடியாது. செதில் பூச்சியைச் சுரண்ட வேண்டாம், அது ஒட்டியிருக்கும் கொம்பையே வெட்டிக் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் வியர்த்து அழுகிவிடும்.

ஒரு சீட்டில் பென்சிலால் செடி, இடம், தேதி, செடியின் எந்தப் பாகம் என்று எழுதி பாட்டிலுக்குள்ளேயே போடுங்கள். வெளியே ஒட்டின சீட்டு உரிந்துபோகும்.

படம் எடுத்தால் மூன்று வேண்டும்: முழுச் செடி, சேதமான இலை, பூச்சி. பூச்சியை மட்டும் எடுத்து அனுப்பினால் பார்ப்பவர் செடியை ஊகிக்க வேண்டியிருக்கும். ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் தென்னாப்பிரிக்கப் பூச்சிகளை அறிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். செயலி தானாகச் சொல்லும் பெயரை மட்டும் நம்பாமல், இரண்டு பேராவது ஒப்புக்கொள்ளும்வரை காத்திருங்கள்.

பெயர் உறுதியானபின் மருந்து தேவைப்பட்டால், சீட்டில் எல் (L) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கிற பாட்டிலை மட்டும் வாங்குங்கள். தென்னாப்பிரிக்காவின் 1947ஆம் ஆண்டு 36ஆம் சட்டப்படி பதிவான மருந்துக்கு அந்த எண் இருக்கும். எந்தச் செடிக்கு, எந்தப் பூச்சிக்கு என்பதும் அதில் இருக்கும். தெருவோரத்தில் சீட்டில்லாத பாட்டிலில் ஊற்றி விற்பதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அதனால் குழந்தைகள் செத்திருக்கிறார்கள்.

13. ஒரு நூல் கட்டிவிட்டு ஒரு வாரம் பொறுங்கள்

பெயர் தெரிந்ததும் கை பரபரக்கும். பொறுங்கள். சேதம் இன்னும் நடக்கிறதா என்று தெரிய வேண்டும். இலையில் விழுந்த ஓட்டை ஆறாது, சுருண்ட இலை நிமிராது, அதனால் பழைய இலையைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது.

பூக்கட்டும் நூலில் ஒரு துண்டு எடுத்து, நாலைந்து கிளைகளில் கடைசி விரிந்த இலைக்குக் கீழே தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கினால் தண்டு வெட்டுப்படும். கட்டின தேதியை நோட்டில் எழுதுங்கள். ஏழு நாள் கழித்து நூலுக்கு மேலே புதிதாக வந்திருக்கும் இலைகளை மட்டும் பாருங்கள். குளிர்காலத்தில் துளிர் மெதுவாக வரும், அப்போது மூன்று வாரம் விடுங்கள்.

போன நவம்பரில் எங்கள் கார்டினியாவில் பாதி இலை போயிருந்தது. கொம்புள்ள புழுவின் புழுக்கை தரையெல்லாம் காய்ந்து கிடந்தது. ஐந்து கிளைகளில் நூல் கட்டினோம். அடுத்த சனிக்கிழமை பார்த்தபோது ஐந்திலும் நூலுக்கு மேலே இரண்டிரண்டு இலை, மெழுகு பூசினது மாதிரி முழுசாக இருந்தது. புழு எப்போதோ மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழு ஆகியிருந்தது. மருந்து பாட்டில் திறக்கப்படாமல் ஷெட்டிலேயே இருந்தது.